ஒன்பது புள்ளடிகள்

ரொறன்ரோவில், லோறன்ஸ் அவெனியூவில், வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு கம்பளக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். தொண்ணூறுகளின் நடுவில் ஒன்றரை வருடம் நான் அங்கே இருந்து ஆமைகளுக்காகக் கடிதம் எழுதினேன். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். என் கணவரும் சிரித்தார். ஊரில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது, நீர் ஆமைக்குக் காவலோ என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை, எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவருக்கு முதல்நாள் குழம்புதான் கிடைத்தது.

நானாகத் தேடிப் போன வேலை அல்ல அது. கனேடிய அனுபவம் இல்லாமல் யாரும் வேலை தரமாட்டார்கள், வேலை தராமல் அனுபவம் வராது என்பது அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. நான் படித்த ஆங்கில வகுப்பு நடத்தியவர்கள், தட்டச்சு தெரிந்தவள் என்று ஆறு மாதம் பழகுவதற்கு என்னை அங்கே அனுப்பினார்கள். ஆறு மாதம் முடிந்ததும் போகவேண்டாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே கடலாமைகள் முட்டையிடுகிற கரையைக் காவல் காக்க ஒரு சங்கம், பவளப்பாறையையும் கண்டல் காட்டையும் பார்த்துக்கொள்ள இன்னொரு சங்கம். இரண்டிலும் பாதிப்பேர் அதே ஆட்கள்தான். எங்கள் ஆட்களின் சங்கங்களைப் போலவே தலைவரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். ரொறன்ரோவில் இருந்த நாங்கள் அந்த இரண்டுக்கும் வால்.

எங்கள் சங்கத்தை நடத்தியவர் அந்தத் தீவிலேயே பிறந்தவர். முப்பது வருடம் இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வெடுத்தவர். உயரமான மனுஷி. கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்றார். எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதுபோல மிஸ் என்றேன். எங்கள் தீவிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார், அவருக்கு அது பிடித்துவிட்டது.

வேலை இதுதான். கரையேறுகிற ஒவ்வொரு ஆமையின் பின்துடுப்பிலும் தீவுக்காரர் ஒரு சின்னத் தகடு மாட்டுவார்கள். தகட்டில் இலக்கம் இருக்கும். கனடாவில் யாராவது அந்த ஆமையைத் தத்தெடுப்பார்கள், விரும்பிய பெயரும் வைப்பார்கள். ஒவ்வொரு ஆமைக்கும் எங்களிடம் ஓர் அட்டை இருந்தது. தீவிலிருந்து ஃபக்ஸில் பட்டியல் வரும். இலக்கத்துக்கு எதிரே சரி போட்டிருந்தால் ஆமை கரையேறி முட்டையிட்டது. ஒன்றும் போடாவிட்டால் காணவில்லை. புள்ளடி போட்டிருந்தால் செத்துவிட்டது. ஊரில் வாக்குச்சீட்டில் போடுகிற அதே பெருக்கல் குறி. அதைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு, தத்தெடுத்தவர்களுக்கு நான் கடிதம் எழுதவேண்டும்.

புள்ளடிக் கடிதத்தை மிஸ் எழுதுகிற விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பட்டியல் வந்த அன்றே எழுதிவிடுவார். உங்கள் ஆமை கொல்லப்பட்டது. இந்தக் கரையில், இந்த நாளில், முட்டையிட ஏறியபோது இறைச்சிக்காக வெட்டினார்கள். தகடு இருந்த துடுப்பை மட்டும் மணலில் கண்டெடுத்தோம். இவ்வளவுதான். அதற்குக் கீழே அந்தத் தீவு அமைச்சரின் விலாசம். ஆமை பிடிப்பதை நிறுத்தச் சொல்லி அவருக்கு எழுதுங்கள் என்று ஒரு வரி. சுகமா என்று ஒரு சொல் கிடையாது, கவலைப்படாதீர்கள் என்று ஒரு சொல் கிடையாது. முதல் கடிதத்தைத் தட்டச்சு செய்தபோது, இந்த மனுஷிக்கு நெஞ்சுக்குள் என்ன கல்லா என்று நினைத்தேன்.

நான் வளர்ந்த வீடு வேறு. அப்பா தபாலதிபர். தந்திகள் அவர் கையால்தான் போகும். சாவுத் தந்தி வந்தால் மட்டும் ஊழியரிடம் கொடுக்கமாட்டார். தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். போய், தந்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தம்பிக்குக் கொஞ்சம் கடுமையாம், உடனே வெளிக்கிட்டால் நல்லது என்பார். அந்த வீட்டார் அழுதுகொண்டு பெட்டி கட்டுவார்கள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் அவரே சொல்லுவார். செய்தியின் மிச்சத்தை வழியில் யாராவது சொல்லிக்கொள்வார்கள், அல்லது படலையில் கட்டிய வெள்ளைக்கொடி சொல்லும். சாவை ஒரேயடியாகத் தலையில் போடக்கூடாது, படிப்படியாக இறக்கவேண்டும் என்பதில் எங்கள் சனத்துக்கு இரண்டாம் கருத்து இல்லை. அப்பா அதில் கெட்டிக்காரர் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமை.

அந்த வருடம் பங்குனியில் மிஸ் தீவுக்குப் புறப்பட்டார். அங்கே வருடத்தில் சில மாதங்கள் ஆமை பிடிக்கச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவதா, அப்படியே விடுவதா என்று ஆனி மாதம் முடிவு செய்வதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. சங்கத்தார் பத்து வருடமாகக் காத்திருந்த நேரம் அது. மீன்பிடிகாரர் பக்கம் ஆட்பலம் இருந்தது. எங்கள் பக்கம் கடிதங்கள்தான் பலம். வெளிநாட்டுச் சனம் வந்து பார்த்துப் போகிற தீவு அது. அந்தச் சனம் கோபப்படுகிறது என்று தெரிந்தால் அமைச்சர் யோசிப்பார் என்பது மிஸ்ஸின் கணக்கு.

போகும் முன் மிஸ் என்னை இருத்தி வைத்துச் சொன்னார். இந்த மூன்று மாதமும் பட்டியலை நீதான் பார்க்கவேண்டும். புள்ளடி வந்தால் அன்றே எழுது, முழுவதையும் எழுது. அந்தக் கடிதம் போகாவிட்டால் அங்கே என் கையில் ஒன்றும் இருக்காது. நான் தலையாட்டினேன். அவர் சொன்னது நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது சாட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை.

சித்திரை நடுவில் ஒரு பட்டியல் வந்தது. ஒன்பது புள்ளடிகள். மூன்று கிழமைக்குள் ஒன்பது. ஃபக்ஸ் தாளில் மை கசிந்து ஒவ்வொரு புள்ளடியும் தடித்துப்போயிருந்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒன்றை ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து தத்தெடுத்திருந்தார்கள். ஒன்று ஒரு தேவாலயப் பாடகர் குழுவினுடையது. ஒன்று ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த கிழவருடையது. அவர் முன்பு தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் ஓட்டியவர். தன் ஆமைக்குச் செத்துப்போன மனைவியின் பெயரை வைத்திருந்தார்.

அந்தக் கிழவரை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு ஃபோன் எடுப்பார். அவள் வந்துவிட்டாளா என்று கேட்பார். மனைவியைக் கேட்கிறாரா ஆமையைக் கேட்கிறாரா என்று முதல் தடவை எனக்குத் திடுக்கிட்டது. அவருக்கு, உங்கள் மனைவியின் பெயருள்ளதை வெட்டிப்போட்டார்கள், ஒரு துடுப்புத்தான் மிச்சம் என்று நான் எப்படி எழுதுவேன்? எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவேன்? மனம் கேட்கவில்லை.

வேறொரு காரணமும் இருந்தது. நான் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முதல் வருடம் ஒரு பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை எனக்கு எதைத் தொட்டாலும் பயம். முட்டை வயிற்றோடு ஏறிய ஒன்பதை வெட்டினார்கள் என்று என் கையால் ஒன்பது தடவை எழுத என்னால் முடியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே அப்பாவின் வழியில் இறங்கினேன். முதல் கடிதத்தில், உங்கள் ஆமை இந்தப் பருவத்தில் இன்னும் கரையேறியதாகத் தகவல் இல்லை, சில வேளை பிந்தி வருவதும் உண்டு என்று எழுதினேன். வைகாசியில் இரண்டாவது கடிதம். கரையைக் காப்பவர்கள் கொஞ்சம் கவலையாக இருக்கிறார்கள், கடலில் ஆபத்துகள் பல என்று எழுதினேன். மூன்றாவதை ஆடியில் எழுதி முடித்துவிடலாம் என்று திட்டம். அமைச்சரின் விலாசத்தை இரண்டிலும் போடவில்லை. காணாமல் போனதற்காக அமைச்சருக்கு யார் எழுதுவார்கள்? அது அந்தக் கடிதங்களோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான் யோசித்தேன். எழுதி முடித்தபோது மிஸ் எழுதியதைவிட நன்றாகவே வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி கூட இருந்தது.

கிழவர் முதல் கடிதம் கிடைத்ததும் ஃபோன் எடுத்தார். பிந்தி வருவது அவளுடைய பழக்கம்தான், கல்யாணத்துக்கே பிந்தித்தான் வந்தாள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வைகாசியில் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கைவிளக்குப் பற்றறிகள். அவளுக்காகக் கரையில் காத்து நிற்பவர்களின் விளக்கு அணைந்துபோகக் கூடாது என்று ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார். மிகவும் நன்றி, அடுத்த பார்சலில் அனுப்பிவைக்கிறோம் என்று பதில் எழுதி, பெட்டியை அலுமாரித் தட்டில் வைத்தேன்.

அந்த மாதங்களில் என் சொந்தக் கவலை அப்பாதான். யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னியில் என் தங்கையோடு இருந்தார். தங்கையின் கடிதங்கள் கொழும்பில் யாரோ கையால் மாறி, ஸ்காபுரோவில் இருந்த என் அண்ணையின் விலாசத்துக்கு வரும். வழக்கமாக அண்ணை வாசித்துவிட்டு அந்தக் கடிதத்தை என்னிடம் தந்துவிடுவார். சித்திரை தொடக்கம் தரவில்லை, ஃபோனிலேயே விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்றார். பிறகு, முன்னைப்போல நடமாட்டம் இல்லையாம் என்றார். வைகாசியில், சாப்பாடு இறங்குதில்லையாம், வயசுதானே என்றார். நான் அப்பாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன். நடக்க முடியாவிட்டால் பொல்லு ஒன்று எடுங்கோ, கஞ்சியாவது குடியுங்கோ என்று. எழுதி அண்ணையிடம் கொடுத்தேன், அவர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னார்.

றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அப்பாவின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யவேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. எங்களிடம் கார் இல்லை. அண்ணையிடம் கேட்டேன். பிறேக் பிழையாம் என்றார். அடுத்த கிழமை கேட்டேன், ஓவர்ரைம் என்றார். கோயிலுக்கென்றால் மட்டும் உங்கள் காருக்கு வருத்தம் வருகிறது என்று சண்டை பிடித்து ஃபோனை வைத்தேன். கடைசியில் என் கணவரோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். வயிற்றையும் தூக்கிக்கொண்டு பேவியூ வீதியில் பஸ் இறங்கி நடந்தேன். ஐயர் அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி நீண்ட ஆயுள் கேட்டார். என் கணவர் பக்கத்தில் நின்றார். அன்று அவர் கைகூப்பவில்லை. பக்தி இல்லாத மனுஷன் என்று அதற்கும் வரும் வழியெல்லாம் அவரை ஏசினேன்.

ஆனி முடிவில் மிஸ் திரும்பி வந்தார். மெலிந்துபோயிருந்தார். சட்டை கசங்கியிருந்தது, அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சட்டம் அப்படியே இருக்கிறது, இனி இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் திரும்பப் பேசலாம் என்றார். கூட்டத்தில் மீன்பிடிகாரர் ஒரு கட்டுக் கையொப்பம் கொண்டுவந்து வைத்தார்களாம். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, வெளிநாட்டவர் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று சொன்னீர்களே, கடிதங்கள் எங்கே என்று கேட்டாராம். மிஸ்ஸிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

நான் எழுதிய கடிதங்களின் பிரதிகளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். யன்னலருகே போய் நின்று பதினெட்டையும் வாசித்தார். கீழே கம்பளக் கடைக்காரர் எதையோ இழுத்துப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"இவர்களுக்கு ஆமை செத்தது இன்னும் தெரியாதா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் சாவை ஒரேயடியாகச் சொல்லமாட்டோம் என்று தொடங்கினேன். அப்பாவையும் சைக்கிளையும் தந்தியையும் சொன்னேன். அது கேட்கிறவர்களின் நன்மைக்கு என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போயிற்று.

"அவர்களைக் கேட்டாயா?" என்றார் மிஸ். "ஆஸ்பத்திரியில் நானும் பாதி சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி கேட்டவர்கள் கதிரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவ்வளவுதான் செய்வார்கள். உன்னுடைய ஒன்பது பேரும் மூன்று மாதமாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்."

பிறகு, வயிற்றோடு நின்றுகொண்டிருக்காதே, வீட்டுக்குப் போ, நாளை வந்து உண்மையை எழுது என்றார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லோறன்ஸ் பஸ்ஸில் ஏறி இருந்தேன். அந்தப் பதினெட்டுக் கடிதங்களும் தலைக்குள் ஓடின. இன்னும் தகவல் இல்லை. கொஞ்சம் கவலையாக இருக்கிறார்கள். இதையே வேறு குரலில் எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கொஞ்சம் சுகமில்லையாம். முன்னைப்போல நடமாட்டம் இல்லையாம். சாப்பாடு இறங்குதில்லையாம். கையில் தராத கடிதங்கள். கோயிலுக்கு மட்டும் ஓடாத கார். சாவுத் துடக்கு வீட்டுக்காரர்தான் கோயில் வாசல் மிதிக்கமாட்டார்கள். தபாலதிபரின் மகள் நான், அதே வேலையைத் தட்டச்சில் செய்துகொண்டிருந்தவள் நான், மூன்று மாதம் எனக்குப் பிடிபடவில்லை. என் தரிப்பில் இறங்காமல் அண்ணையின் வீடு வரைக்கும் போனேன்.

அண்ணை வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி என்னைக் கண்டதும் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் இருக்கவில்லை.

"அண்ணை, அப்பா எப்ப செத்தவர்?"

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கட்டி முடித்தார், மற்றதைக் கட்டவில்லை.

"பங்குனிக் கடைசியிலை" என்றார். "காய்ச்சல். மருந்தில்லை. முப்பத்தொண்டாம் நாள் காரியமும் முடிஞ்சுது. பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

தேத்தண்ணியோடு வந்த அண்ணி வாசலில் நின்றபடியே, எல்லாருக்கும் என்றார். தமிழ்க் கடையிலும் கோயிலிலும் என்னைக் கண்டு வயிற்றைத் தடவிச் சுகம் விசாரித்த எல்லோருக்கும். என் கணவருக்கும். அவர் அன்று ஏன் கைகூப்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. செத்துப்போன மாமனாருக்கு நீண்ட ஆயுள் கேட்கிறபோது மனுஷன் எப்படிக் கைகூப்புவார்.

"நான் எழுதின கடிதங்கள்?"

அண்ணை எழுந்துபோய் லாச்சியைத் திறந்து ஒரு கட்டைக் கொண்டுவந்தார். ஏழு கடிதம். ஒன்றும் உடைக்கப்படவில்லை. பொல்லு எடுங்கோ, கஞ்சி குடியுங்கோ என்று நான் எழுதியதெல்லாம் ஒரு றப்பர் வளையத்துக்குள் இருந்தது.

"என்னை ஒருக்கா கேட்டிருக்கலாமே" என்றேன்.

"உன்னை என்னண்டு கேக்கிறது?" என்றார் அண்ணை. அவருக்கும் அழுகை வந்துவிட்டது. அவரும் மூன்று மாதமாக அழாமல் இருந்திருக்கிறார், என்னோடு ஃபோனில் அப்பாவை உயிரோடு வைத்துக்கொண்டு. அது எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. அப்பாவை நினைத்து அழ வேண்டிய முப்பத்தொரு நாளும் நான் அவருக்குச் சுகம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்த நாள் கண்வீக்கத்தோடு வேலைக்குப் போனேன். மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கு முழுவதையும் எழுதினேன், கரை, நாள், வெட்டியது, துடுப்பு எல்லாம். முன்னைய இரண்டு கடிதங்களையும் எழுதும்போது எனக்கு உண்மை தெரிந்திருந்தது, பிழை என்னுடையது என்றும் எழுதினேன். பிள்ளைகளின் வகுப்பு ஆசிரியைக்கு எழுதும்போதுதான் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். முப்பது பிள்ளைகள் முப்பது கடிதம் எழுதியிருப்பார்கள். இப்போது கோடை விடுமுறை, வகுப்பே கலைந்துவிட்டது.

ஒன்பதாவது ஆளுக்கு நானே ஃபோன் எடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. என் குரலைக் கேட்டதும் கிழவர், வந்துவிட்டாளா என்று உற்சாகமாகக் கேட்டார்.

இல்லை, கொல்லப்பட்டது என்றேன். அப்பாவின் தந்தியைப்போல அதைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்க எனக்கு இனித் தெம்பில்லை.

அவருக்குப் பின்னால் யாரோ தொலைக்காட்சி பார்க்கிற சத்தம் வந்தது. பிறகு, "எப்போது?" என்றார்.

நேற்று நான் கேட்ட அதே கேள்வி. அட்டையைப் பார்த்து நாளைச் சொன்னேன்.

"அப்படியென்றால் நான் பற்றறி அனுப்பியபோது அவள் இல்லை."

"இல்லை."

"உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு வாங்கி வைத்தாய்."

"வாங்கி வைத்தேன்" என்றேன்.

அவர் ஏசவில்லை. அமைச்சருக்கு எழுத இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டார். முடிவு எடுத்தாயிற்று, இரண்டு வருடம் பொறுக்கவேண்டும் என்றேன். எனக்கு இப்போது எண்பத்தாறு, என்றார். ஆஸ்பத்திரியில் மனைவி படுத்திருந்தபோது என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை, இதற்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பேன் என்றார். பிறகு, சொன்னதற்கு நன்றி என்று சொல்லி மெதுவாக ஃபோனை வைத்தார்.

அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் அவர் ஃபோன் எடுக்கவில்லை. பத்து மணியாகும்போது நான் மேசையில் இருப்பேன். மிஸ் தன் வேலையைப் பார்ப்பார். பத்தேகால் ஆனதும் எழுந்து அட்டைகளை அடுக்கப் போவேன். பற்றறிப் பெட்டியை அடுத்த பார்சலில் தீவுக்கு அனுப்பினோம், அவர் எழுதிய துண்டை எடுக்காமலே.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். அண்ணை பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கதவடியில் நின்றார். பிள்ளையின் மூக்கு அப்பாவின் மூக்கு மாதிரி என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பழங்களைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.